கடிதம் வந்ததை யார் சொல்வது?

தொலைபேசிக் கம்பியின் வழியே மின்கடிதம் பரிமாறப்பட்ட காலத்தில், கடிதத்தைக் கொண்டு சேர்ப்பதைவிட, கடிதம் வந்து கிடக்கிறது என்ற தகவலை உரியவருக்கு எட்டச் செய்வதே கடினமான வேலையாக இருந்தது. கடிதம் ஒரு கணினியில் வந்து தங்கிவிடும். அதைப் பெற வேண்டியவரோ வேறோர் இடத்தில், அணைத்து வைக்கப்பட்ட கணினியுடனும் சும்மா கிடக்கும் தொலைபேசியுடனும் இருப்பார். அவராக அழைத்துப் பார்த்தாலன்றிக் கடிதம் இருப்பது அவருக்குத் தெரியாது. கடிதம் இருப்பது தெரிந்தாலன்றி அவர் அழைக்கப் போவதில்லை. இந்த முடிச்சை அவிழ்ப்பதற்கென எழுதப்பட்ட சிறு துணைநிரல்களே மடல் அறிவிப்பான்கள். கணினி வரலாற்று நூல்களில் இவற்றுக்குப் பெரும்பாலும் ஓர் அடிக்குறிப்பு அளவுகூட இடம் கிடைப்பதில்லை. ஆயினும் ஒரு தகவல்தொடர்பு முறை மனிதருக்குப் பயன்படுமா இல்லையா என்பதை முடிவு செய்தவை இவையே.

தொலைபேசிவழிச் செய்திப் பலகை, அதாவது புலட்டின் போர்ட் என்பது, ஒருவரின் வீட்டிலோ அலுவலகத்திலோ உள்ள ஒரு கணினியைத் தொலைபேசிக் கம்பியோடு இணைத்து, பிறர் தத்தம் கணினிகளிலிருந்து அந்த எண்ணை அழைத்து உள்ளே நுழையவும், செய்தி எழுதி வைக்கவும், பிறர் எழுதியதை வாசிக்கவும் வழி செய்யும் அமைப்பாகும். கணினியின் குறிகளைத் தொலைபேசி சுமக்கக்கூடிய ஒலியாகவும், அவ்வொலியை மீண்டும் குறிகளாகவும் மாற்றும் கருவிக்கு மொடெம் என்று பெயர். இத்தகைய பலகைகளுள் முதலாவதாகக் கருதப்படுவதை வார்ட் கிறிஸ்டென்சன், ராண்டி சூஸ் என்னும் இருவர் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் 1978 பெப்ரவரியில் தொடங்கினர். 1984இல் டொம் ஜெனிங்ஸ் என்பவர் சான் பிரான்சிஸ்கோவில் உருவாக்கிய ஃபிடோநெட், ஒரு பலகை மற்றொரு பலகையை இரவில் தானாக அழைத்துக் கடிதக் கட்டுகளைக் கைமாற்றும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதன் பின்னர், ஒரே பலகையைச் சேர்ந்தவர்களுக்குள் மட்டுமன்றி, கண்டம் விட்டுக் கண்டமும் கடிதம் செல்லத் தொடங்கியது.

இலங்கையில் மின்கடிதம் கால்கொண்டதும் தொலைபேசிக் கம்பியிலேயே. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அபய இந்துருவவின் முன்முயற்சியால் 1990ஆம் ஆண்டளவில் உருவான லேர்ன்மெயில், மொறட்டுவை, கொழும்பு, திறந்த பல்கலைக்கழகம் ஆகியவற்றின் கணினிகளைத் தொலைபேசி அழைப்புகளால் தொடுத்தது. வெளிநாட்டுக் கடிதங்கள் அமெரிக்காவில் உள்ள ஒரு பல்கலைக்கழகக் கணினியோடு ஐ.டி.டி. எனப்படும் நேரடிச் சர்வதேச அழைப்பின் மூலம் பரிமாறப்பட்டன. நிரந்தரத் தொடர்பு எதுவும் இருக்கவில்லை. கடிதங்கள் சேர்த்து வைக்கப்பட்டு, குறித்த நேரத்தில் ஒரு கணினி மற்றொன்றை அழைத்தபோது கட்டாகக் கைமாறின. இலங்கைக்குரிய .எல்கே என்ற இணைய முகவரிப் பின்னொட்டும் அதே 1990இல்தான் பதிவாயிற்று. பொதுமக்கள் கட்டணம் செலுத்தி இணையத்தில் சேரும் வாய்ப்பு 1995இல் வந்தது. அப்போதும் வீட்டிலிருந்து சேவை நிறுவனத்துக்குச் செல்லும் வழி அதே தொலைபேசிக் கம்பியாகவே இருந்தது.

அக்காலக் கொழும்பில் தொலைபேசி எவ்வளவு அரிய பொருளாக இருந்தது என்பதை நினைவிற் கொள்ளாமல் அறிவிப்பானின் தேவையை விளங்கிக்கொள்ள முடியாது. இணைப்புக்கு விண்ணப்பித்தவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர்; 1996இல் கம்பியில்லா வீட்டுத் தொலைபேசிக்கு இரு நிறுவனங்கள் உரிமம் பெற்ற பிறகே நிலைமை மெல்ல இளகியது. 1990 ஜூனில் உள்நாட்டுப் போர் மீண்டும் மூண்டதன் பின், வடக்கிலிருந்து வந்த குடும்பங்கள் வெள்ளவத்தையின் காலி வீதிக்கும் கடற்கரைக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளிலும், கொட்டாஞ்சேனையின் நெருக்கமான தெருக்களிலும், லொட்ஜுகளிலும் வாடகை அறைகளிலும் தங்கியிருந்தன. அவர்களுடைய பிள்ளைகளும் உடன்பிறந்தாரும் கனடாவிலும் இலண்டனிலும் பாரிஸிலும் சுவிட்சர்லாந்திலும் இருந்தனர். அவர்களை இணைத்தவை ‘கொமியூனிகேஷன்’ என்று மக்கள் சுருக்கமாக அழைத்த தொலைபேசிக் கடைகள். வெளிநாட்டு அழைப்பு கடைக்கு வந்ததும், கடைக்காரர் பெயரைக் கேட்டுக்கொண்டு பத்து நிமிடம் கழித்து மீண்டும் எடுக்கச் சொல்வதும், பையன் ஒருவன் ஓடிச்சென்று உரியவரை அழைத்து வருவதும் அன்றாட வழக்கமாயிருந்தது. ஓர் அறிவிப்பான் செய்யவேண்டிய அத்தனை வேலைகளும் அந்த ஏற்பாட்டில் இருந்தன: பெயரைச் சரியாகப் பிடித்தல், செய்தியைத் திறக்காமல் அது வந்திருப்பதை மட்டும் சொல்லுதல், உரியவரை மட்டும் அழைத்தல், அழைப்புச் செலவைக் குறைத்தல். கணினிக்கு இவற்றை ஒவ்வொன்றாகக் கற்பிக்க வேண்டியிருந்தது.

முதலில் செலவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். வினாடிக்கு 2,400 பிட் வேகமுள்ள மொடெம் ஒன்று வினாடிக்கு ஏறத்தாழ 240 எழுத்துக்களை அனுப்பும். 2,000 எழுத்துக்கள் கொண்ட ஒரு கடிதத்தை இறக்க ஒன்பது வினாடிக்கும் குறைவான நேரமே போதும். ஆனால் எண்ணைச் சுழற்றி, மறுமுனை எடுத்து, இரு மொடெம்களும் ஒன்றையொன்று அடையாளம் கண்டு வேகத்தை ஒத்துக்கொண்டு, பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு முடிவதற்குள் அரை நிமிடத்துக்கு மேல் கழிந்துவிடும். கடிதம் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே நாளுக்கு நான்கு முறை அழைக்கும் ஒருவர், கடிதத்தைப் பெறுவதற்கு ஆகும் செலவைப் போலப் பல மடங்கை, கடிதம் இல்லை என்று அறிந்துகொள்வதற்கே செலவிடுகிறார். அதோடு, ஒற்றைக் கம்பி கொண்ட பலகையில் ஒருவர் வெறுமனே எட்டிப் பார்க்கும் நேரம் முழுவதும் மற்றெல்லாருக்கும் ‘எங்கேஜ்’ ஒலிதான் கேட்கும். எனவே அறிவிப்பான் என்பது தனியொருவரின் வசதிக்காக மட்டுமன்று. பலகையில் சேர்ந்த அனைவருக்கும் கம்பியைப் பங்கிட்டுக் கொடுக்கும் கருவியும் ஆகும்.

வெள்ளவத்தையில் ஒரு வீட்டில், டொஸ் இயங்குதளம் கொண்ட ஒரு கணினியிலும் ஒரே தொலைபேசிக் கம்பியிலும் இத்தகைய பலகை ஒன்று நடத்தப்படுவதாக விளக்கத்தின் பொருட்டு வைத்துக்கொள்வோம். டொஸ் ஒரு நேரத்தில் ஒரு நிரலையே ஓட்டும் என்பதால், அறிவிப்பான் பலகையோடு சேர்ந்து ஓட முடியாது. பலகை மென்பொருளில் ‘நிகழ்ச்சி நேரம்’ ஒன்றைக் குறித்து வைப்பது வழக்கம். அந்நேரம் வந்ததும் பலகை தன்னை மூடிக்கொண்டு, எதற்காக மூடினேன் என்பதைக் காட்டும் ஓர் எண்ணை விட்டுச் செல்லும். கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த ஒரு தொகுப்புக் கோப்பு அந்த எண்ணைப் பார்த்து, முதலில் வெளியூர்க் கடிதக் கட்டுகளைப் பிரித்து அடுக்கும் நிரலையும், அடுத்து அறிவிப்பானையும், இறுதியில் மீண்டும் பலகையையும் ஓட்டும். இந்த வரிசை முக்கியமானது. கட்டைப் பிரிப்பதற்கு முன் அறிவிப்பான் ஓடினால், வெளிநாட்டிலிருந்து வந்த கடிதங்கள் அடுத்த சுற்று வரை அறிவிக்கப்படாமற் கிடக்கும்.

யார் யாருக்குக் கடிதம் இருக்கிறது என்பதே அறிவிப்பான் விடைகாண வேண்டிய முதற் கேள்வி. எல்லாக் கடிதங்களையும் திறந்து பார்ப்பது அக்காலக் கணினிகளுக்குப் பெரும் சுமை, தேவையும் இல்லை. அடம் ஹட்சன் எழுதிய குவிக்பிபிஎஸ் என்ற பலகை மென்பொருளோடு பரவியதும், அவர் பெயராலேயே அழைக்கப்பட்டதுமான சேமிப்பு முறையில், கடித உடல்கள் ஒரு கோப்பிலும் பெறுநர் பெயர்கள் மட்டும் வேறொரு கோப்பிலும் இருக்கும். பெயருக்கு 36 பைட் வீதம் ஒதுக்கப்பட்டிருப்பதால், ஆயிரம் கடிதங்களுக்கான பெறுநர் பட்டியல் 36,000 பைட்டுக்குள் அடங்கிவிடும். உடல்களைக் கொண்ட கோப்போ 16 மெகாபைட் வரை வளரக்கூடியது. உரியவர் கடிதத்தை வாசித்ததும் பட்டியலில் அவர் பெயர் இருந்த இடத்தில் ‘பெறப்பட்டது’ என்ற பொருள்தரும் குறி எழுதப்படும். ஆகவே பட்டியலில் இன்னும் பெயராகவே எஞ்சியிருப்பவர்கள்தாம் அறிவிக்கப்பட வேண்டியவர்கள். கடிதம் எதையும் தொடாமலே விடை கிடைத்துவிடுகிறது. பிறர் கடிதத்தைத் திறக்காத அஞ்சற்காரரின் ஒழுக்கம் இங்கே கோப்பின் அமைப்பிலேயே பதிந்திருக்கிறது. 1993இல் வந்த ஜேம் என்ற முறை இன்னும் சுருக்கமானது. அது பெயரை முழுதாக வைக்காமல், பெயரின் எழுத்துக்களைச் சிற்றெழுத்தாக்கி ஒரு சூத்திரத்தில் இட்டுப் பெறும் 4 பைட் எண்ணையும், கடிதத் தலைப்பு இருக்கும் இடத்தைக் காட்டும் மற்றொரு 4 பைட் எண்ணையும் மட்டுமே அட்டவணையில் வைக்கிறது.

தமிழர்களுக்குரிய சிக்கல் இந்த இடத்திலேதான் எழுகிறது. பலகைகள் ஆங்கில எழுத்தில் எழுதிய பெயரையே முகவரியாகக் கொண்டன. அதுவும் முற்பெயர், குடும்பப்பெயர் என்ற மேலைநாட்டு வரிசையை எதிர்பார்த்தன. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே வைத்து எழுதும் ஒருவர் கொழும்பில் ஒரு விதமாகப் பதிந்திருப்பார். ரொறன்ரோவிலிருந்து அவருடைய மைத்துனர் எழுதும்போது அந்நாட்டு வழக்கப்படி பெயரைத் திருப்பிப் போட்டிருப்பார். ஒரே பெயரைச் சிலர் ‘எஸ்’ஸோடும் சிலர் ‘எஸ்எச்’சோடும், ஒரே ஓசையைச் சிலர் ‘டி’யாலும் சிலர் ‘டிஎச்’சாலும் எழுதுவர். எழுத்து ஒன்று மாறினாலும் ஜேம் முறையின் எண் முற்றிலும் வேறாகிவிடும். கடிதம் பலகையில் கிடக்கும், அறிவிப்பு எவருக்கும் போகாது.

ஓசை ஒத்த பெயர்களை ஒன்றாகக் கொள்ளும் சூத்திரம் ஒன்றைச் சேர்த்துவிட்டால் இது தீரும் என்று முதற் பார்வையில் தோன்றலாம். அமெரிக்காவில் 1918இல் காப்புரிமை பெற்ற சவுண்டெக்ஸ் அத்தகைய சூத்திரம்; பெயரின் முதலெழுத்தை வைத்துக்கொண்டு, உயிரெழுத்துக்களை விலக்கி, எஞ்சிய மெய்களை இனம் பிரித்து மூன்று இலக்கங்களாக்குவது அதன் முறை. ஆனால் அது ஆங்கில ஓசைக்கும் அந்நாட்டுப் பெயர்களுக்கும் வகுக்கப்பட்டது. தமிழ்ப் பெயர்களை அதில் இட்டால், சிவகுமார், சிவகுமாரன், சிவகாமி, சிவஞானம் ஆகிய நால்வருக்கும் எஸ்125 என்ற ஒரே குறியே கிடைக்கும். ஒருவருக்கு வந்த கடிதம் குறித்து நான்கு வீடுகளில் தொலைபேசி ஒலிக்கும். மறுபுறம், ‘ஞானசேகரம்’ என்பதை ஒருவர் ‘ஜி’யில் தொடங்கியும் மற்றவர் ‘என்’னில் தொடங்கியும் எழுதினால், முதலெழுத்து மாறிவிட்டதால் ஒரே மனிதர் இருவராகிவிடுவார். தவறான அறிவிப்பு அறிவிப்பின்மையைவிடக் கேடானது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பியவர் மூன்றாம் முறை அறிவிப்பை நம்பமாட்டார். ஆகவே ஊகிக்கும் சூத்திரத்தைத் தவிர்த்து, ஒவ்வொரு உறுப்பினரும் தம் பெயர் எந்தெந்த வடிவங்களில் எழுதப்படக்கூடும் என்பதைத் தாமே பதிந்து வைக்கும் மாற்றுப்பெயர்ப் பட்டியலே சரியான வழி. அது அழகிய தீர்வன்று, உழைப்பைக் கேட்பது. ஆனால் தன் பெயரைப் பிறர் எப்படியெல்லாம் எழுதுவர் என்பதைப் பெயருக்கு உரியவரைவிட நன்றாக அறிந்தவர் எவருமில்லை.

பெயர் கிடைத்த பின், அதற்குரியவருக்கு எப்படித் தெரிவிப்பது? பலகைக்குள் நுழைந்தவுடன் ‘உமக்கு இத்தனை கடிதங்கள்’ என்று காட்டுவது எளிது. பெரும்பாலான பலகைகள் அதைச் செய்தன. உள்ளே இருக்கும்போதே வரும் கடிதத்தை உடனுக்குடன் சொல்வதற்கு யுனிக்ஸ் இயங்குதளம் கொண்ட கணினிகளில் 1980 அளவிலேயே ‘பிஃப்’ என்ற நிரல் இருந்தது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மாணவி ஒருவர் வளர்த்த நாயின் பெயர் அதற்கு இடப்பட்டது. அஞ்சற்காரரைக் கண்டால் அந்த நாய் குரைக்கும் என்ற கதை பின்னால் எவரோ சேர்த்தது. பிஃப்பின் எல்லையும் தெளிவானது: கம்பியில் இணைந்திருப்பவருக்கு மட்டுமே அது பேசும்.

இணையாதிருப்பவரை எட்ட, பலகைதான் அவரை அழைக்க வேண்டும். அழைப்பை அவர் எடுத்தால் பலகை நடத்துபவருக்குக் கட்டணம். எடுக்காவிட்டால் எவருக்கும் செலவில்லை. கொழும்பில் கைத்தொலைபேசி பரவிய பின் ‘மிஸ்கோல்’ என்று பெயர்பெற்ற இந்த உத்தியை மொடெம் வெகு எளிதாகச் செய்யும். எண்ணைச் சுழற்றியபின் எத்தனை வினாடி காத்திருப்பது என்பது மொடெமுக்குள் எஸ்-7 என்ற பதிவகத்தில் குறிக்கப்படுகிறது. சாதாரணமாக அது அரை நிமிடமோ அதற்கு மேலோ இருக்கும். அதைப் பதினைந்து வினாடியாகக் குறைத்துவிட்டால், வீட்டில் சில முறை மணி ஒலித்ததும் மொடெம் தானாகவே கம்பியைத் துண்டித்துவிடும். அழைப்பவருக்குக் கேட்கும் மணியொலியும் வீட்டில் ஒலிக்கும் மணியும் ஒரே கணத்தில் நிகழ்வன அல்ல என்பதால், ‘மூன்று மணி ஒலித்தால் கடிதம்’ என்று எண்ணிக்கையை அடையாளமாக்க முடியாது. ஒரு குறுகிய அழைப்பு, ஒரு நிமிட இடைவெளி, மீண்டும் ஒரு குறுகிய அழைப்பு என்ற அமைப்பே நம்பத்தக்கது. வீட்டில் கணினியும் மொடெமும் விழித்திருந்தால் இதைக் கண்காணிக்கவும் முடியும். அழைப்பைத் தானாக எடுக்காதபடி எஸ்-0 பதிவகத்தைச் சுழியமாக்கி வைத்தால், ஒவ்வொரு மணிக்கும் மொடெம் கணினிக்கு ஒரு சொல்லை அனுப்பும், அச்சொற்கள் வந்த நேரத்தைக் கொண்டு ஒரு சிறு நிரல் திரையில் குறிப்பு எழுதிவிடும். கணினி அணைந்திருந்தாலும் குறைவில்லை. வீட்டில் உள்ள எவரும், கணினியைத் தொட்டறியாத பாட்டியும்கூட, அந்த இரட்டை மணியை இனங்காண முடியும். இதுவே இம்முறையின் பெருஞ்சிறப்பு.

இம்முறையின் குறைகளையும் மறைக்கலாகாது. எவரேனும் அவசரமாக எடுத்துவிட்டால், மறுமுனையில் மனிதக் குரல் இராது. மௌனமோ இடையிடையே ஓர் ஒலியோதான் கேட்கும். போர்க்காலக் கொழும்பில் தமிழ் வீடொன்றில் பெயரறியாத ஒருவர் அழைத்துப் பேசாமல் வைத்துவிடுவது எத்தகைய கலக்கத்தை உண்டாக்கும் என்பது சொல்லாமலே விளங்கும். ஆகவே இரட்டை மணி ஏற்பாட்டை ஒருவர் தாமாகக் கேட்டுப் பதிந்தாலன்றி அவர் எண்ணைப் பலகை அழைக்கக்கூடாது என்பது முதல் விதியாகவும், இரவில் அழைக்கக்கூடாது என்பது அடுத்த விதியாகவும் இருக்க வேண்டும். ஃபிடோநெட் கடிதக் கட்டுகள் பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பின் கைமாறின; நிரல் எழுதுபவர் கட்டைப் பிரித்த கையோடு அறிவிப்பையும் ஓட்டிவிட ஆசைப்படுவார். ஆனால் நேர வேறுபாட்டால் நள்ளிரவில் வரும் வெளிநாட்டு அழைப்புக்காகக் காத்தும் அஞ்சியும் உறங்கும் வீடுகளில், அந்த நேரத்து மணி கடிதத்தை நினைவூட்டாது, மரணச் செய்தியையே நினைவூட்டும். இரவில் பட்டியலைத் தயாரித்து, காலையில் அழைப்பதே மனிதருக்கு ஏற்றது.

அடுத்தது, சொன்னதையே திரும்பச் சொல்லாதிருத்தல். அறிவிப்பான் தனக்கென ஒரு குறிப்பேட்டுக் கோப்பை வைத்திருக்க வேண்டும்; யாருக்கு, எந்தக் கடிதம் வரை, எப்போது அறிவிக்கப்பட்டது என்பது அதில் இருக்கும். அழைப்பதற்கு முன் எழுதுவதா, பின் எழுதுவதா என்ற கேள்வி சிறியதாகத் தோன்றினாலும் அதற்கு விடை சொல்லியாக வேண்டும். 1996இல் வறட்சியால் நீர்த்தேக்கங்கள் வற்றி, நாடெங்கும் நாளாந்தம் பல மணி நேர மின்வெட்டு அமுலில் இருந்தது. முன்பே எழுதிவிட்டு அழைப்பதற்குள் மின்சாரம் போனால், அந்த அறிவிப்பு ஒருபோதும் போகாது. அழைத்தபின் எழுதுவதற்குள் போனால், மின்சாரம் வந்ததும் ஒருமுறை கூடுதலாக மணி ஒலிக்கும். இரண்டாவது தீங்கு சிறியது; ஆதலால் பின் எழுதுவதே தக்கது. மறுமுனை பேச்சில் இருந்தால் மொடெம் அதைத் தனிச் சொல்லால் தெரிவிக்கும். அப்போது அரை மணி கழித்து மீண்டும் முயலலாம். ஆனால் ஒலித்த மணியை வீட்டில் எவரேனும் கேட்டார்களா என்பதை எந்த மொடெமும் சொல்லாது. அதனால் மூன்று நாட்களாகியும் கடிதம் வாசிக்கப்படாமலிருந்தால் இன்னொரு முறை அழைத்து, அதன் பின் ஓய்ந்துவிடுவதே மரியாதை.

அழைப்பு வேலையை உறுப்பினரின் கணினியிடமே ஒப்படைப்பதும் ஒரு மாற்று வழி. தொடர்பு மென்பொருளில் எழுதி வைத்த கட்டளைகளின்படி, குறித்த நேரத்தில் கணினி தானே பலகையை அழைத்து, புதிய கடிதங்கள் அனைத்தையும் ஒரே சுருக்கக் கட்டாக இறக்கி, கம்பியைத் துண்டித்துவிடும். வாசிப்பதும் பதில் எழுதுவதும் கம்பியில்லாமல் ஆறுதலாக நடக்கும். 1995க்குப் பின் இணையச் சேவைக்கு மாறியவர்களுக்கு பொப்-3 என்ற அஞ்சல் பெறும் நெறிமுறை இதைவிடச் சிக்கனமான வழியைத் தந்தது. அதில் ஒரே ஒரு கட்டளைக்குப் பெட்டியில் எத்தனை கடிதங்கள், மொத்தம் எத்தனை பைட் என்ற இரண்டு எண்கள் மட்டும் பதிலாக வரும். மற்றொரு கட்டளை ஒவ்வொரு கடிதத்துக்கும் மாறாத தனி அடையாளம் ஒன்றைத் தரும். முந்தைய அடையாளங்களோடு ஒப்பிட்டால், கடிதம் எதையும் இறக்காமலே புதியது எதுவென்று தெரிந்துவிடும். ஆனால் அந்த இரண்டு எண்களைக் கேட்பதற்கும் தொலைபேசியைச் சுழற்றியே ஆக வேண்டும் என்ற பழைய சிக்கல் மட்டும் தீரவில்லை.

அது தீர்ந்தது வேறொரு வழியில், கம்பியே இல்லாமல். தெற்காசியாவின் முதல் கைத்தொலைபேசிச் சேவை 1989இல் கொழும்பில் தொடங்கியது, 1995இல் ஜி.எஸ்.எம். என்னும் இலக்கமுறைச் சேவையும் வந்தது. ஜி.எஸ்.எம். முறையில் குறுஞ்செய்தி, குரல் செல்லும் பாதையைப் பிடிக்காமல், தொலைபேசியும் கோபுரமும் தமக்குள் சைகை பரிமாறும் பாதையில் செல்கிறது. எவரும் அழைப்பை எடுக்க வேண்டியதில்லை, கணினி விழித்திருக்க வேண்டியதில்லை, பேச்சில் இருந்தாலும் தடையில்லை. 160 எழுத்துக்குள் யாரிடமிருந்து கடிதம் வந்தது என்பதையும் சொல்லிவிடலாம். அறிவிப்பு, கடிதத்தினின்றும் அழைப்பினின்றும் பிரிந்து, தனக்கென ஒரு பாதையைப் பெற்றது. இன்றைய கைபேசிகளில் அஞ்சல் வந்ததும் ஒலிக்கும் குறிப்பும், எந்நேரமும் திறந்து வைக்கப்பட்ட மெல்லிய தனித் தொடர்பு ஒன்றின் வழியே வருவதுதான். கடிதத்தின் உடல் வேறு வழியில் வருகிறது. எந்த நேரத்தில் ஒலிப்பது, பூட்டிய திரையில் அனுப்பியவர் பெயரைக் காட்டுவதா மறைப்பதா, ஒரே செய்திக்கு எத்தனை முறை ஒலிப்பது என்பவற்றைக் கைபேசியின் அமைப்புப் பக்கத்தில் ஒவ்வொருவரும் இன்று விரலால் தெரிவு செய்கின்றனர். ஒற்றைக் கம்பியும் இரட்டை மணியும் கொண்ட பலகையில், அதை நடத்துபவரே இவற்றையெல்லாம் எல்லாருக்குமாகத் தீர்மானிக்க வேண்டியிருந்தது.